மூன்றாவது நாற்காலி யாருக்கு?

தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. நடுவில் வட்டாட்சியர், பக்கத்தில் காவல் ஆய்வாளர். ஒருபுறம் நகராட்சி ஆணையரும் சுகாதார அலுவலரும். எதிரே சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர். ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் வந்திருக்க மாட்டார். அவருடைய மேலாளர் வந்து, எதைக் கேட்டாலும் ‘போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்’ என்பார். ஊரில் மூன்று நாளாகக் குப்பை அள்ளவில்லை. சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறவில்லை, பத்தாம் தேதி ஆகியும் கூலி வரவில்லை என்பது புகார். மாலைக்குள் ஒரு காகிதம் தயாராகிவிடும். பதினைந்து நாளில் நிலுவை வழங்கப்படும், தொழிலாளர்கள் உடனே பணிக்குத் திரும்புவார்கள் என்று இரண்டு வரி. எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் காலையில் தெரு சுத்தமாகிவிடும். பதினைந்து நாள் கழித்து அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பது மட்டும் அதில் எழுதியிருக்காது.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் ‘பன்னிரண்டு-மூணு’ என்று ஒரு சொல்லைச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துவார்கள். 2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 12(3) பிரிவின் கீழ், தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடப்பட்டுவந்த ஒப்பந்தம் அது. அந்தச் சங்கத்தில் இல்லாத தொழிலாளியையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும்கூட அது கட்டுப்படுத்தும். மீறினால் தண்டனை உண்டு, பணத்தை வசூலிக்க வழி உண்டு. வட்டாட்சியர் முன்னால் எழுதிய காகிதத்துக்கு இந்தப் பல் கிடையாது. அவர் காப்பது சட்டம் ஒழுங்கை. கூலித் தகராறு அவர் மேசைக்கு வருவதற்கு ஒரே காரணம், குப்பை நாறத் தொடங்கிவிட்டது என்பதுதான்.

இதே காட்சியின் பெரிய வடிவத்தை 2025 ஆகஸ்டில் சென்னை பார்த்தது. மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலமான ராயபுரம், ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகர் இரண்டிலும் குப்பை அள்ளும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க மன்றம் தீர்மானித்தது. 15 மண்டலங்களில் 11 ஏற்கெனவே அந்த வழியில் போய்விட்டன. இந்த இரண்டு மண்டலங்களிலும் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுயஉதவிக் குழுக்கள் வழியாக வேலை பார்த்துவந்தவர்கள் - பேச்சுவழக்கில் ‘என்யூஎல்எம்’காரர்கள் - ஆகஸ்ட் 1 முதல் அந்த நிறுவனத்தில்தான் சேர வேண்டும் என்றானது. பெரும்பாலோர் பெண்கள். கொரோனா காலத்தில் கதவைத் திறக்கவே நாம் பயந்த தெருக்களில் வண்டி தள்ளியவர்கள். சுமார் 23,000 ரூபாயாக இருந்த மாதக் கூலி 17,000க்கும் கீழே இறங்கும் என்றார்கள் அவர்கள். பணம் குறைவது ஒருபுறம். எத்தனையோ ஆண்டு காத்திருந்த ‘பர்மனென்ட்’ ஆசை அத்தோடு முடிந்துபோகும் என்பது அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல். ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள்.

அந்த 13 நாளில் பல சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது. அமைச்சர்கள் வந்தார்கள், மேயர் வந்தார், ஆணையர் வந்தார். வேலையை இழக்க மாட்டீர்கள், சலுகைகள் கிடைக்கும், நிறுவனத்தில் சேருங்கள் என்று சொல்லப்பட்டது. பேச வந்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த மேசையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வேலையை ஒப்படைக்கத் தீர்மானம் போட்டதும் அவர்கள்தான், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அவர்கள்தான், அதனால் எழுந்த தகராறில் சமரசம் பேச வந்ததும் அவர்கள்தான். மேசைக்கு இரண்டே பக்கம். மூன்றாவது நாற்காலி காலி.

ஆகஸ்ட் 13 அன்று நடைபாதையிலிருந்து போராட்டத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று நள்ளிரவு வாக்கில் நூற்றுக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி, காலை உணவு உள்ளிட்ட ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் சோறு கேட்டா அவர்கள் உட்கார்ந்தார்கள்? அந்த ஆறில் எதுவும் கூலி விகிதத்தையோ பணி நிரந்தரத்தையோ தொடவில்லை. ஆகஸ்ட் 20 அன்று உயர் நீதிமன்றம், மன்றத்தின் தீர்மானத்தை ரத்துசெய்ய மறுத்தது. ஆனால் தொழிலாளர்கள் கடைசியாக வாங்கிய கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி சொன்னது. கவனியுங்கள்: நடுவில் உட்காரும் ஒருவரிடம் விஷயம் போனதும், கொள்கை வேறு, கூலி வேறு என்று முடிச்சு பிரிந்தது. 13 நாள் சுற்றுச் சுற்றாகப் பேசியும் பிரியாத முடிச்சு அது.

உள்ளாட்சி அமைப்பு தன் தொழிலாளர்களின் ஒப்பந்தத் தகராறில் நடுவராக இருக்க முடியாது. சட்டமே அதற்கு வேறு நாற்காலி போட்டுவைத்திருக்கிறது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் ‘வேலையளிப்பவர்’ என்பதற்குத் தந்திருந்த இலக்கணத்தைப் படித்துப் பாருங்கள். உள்ளாட்சி அமைப்போ, அதன் சார்பாக வேறொருவரோ நடத்தும் தொழிலில், அந்த அமைப்பின் தலைமை நிர்வாக அலுவலரே வேலையளிப்பவர். மாநகராட்சியில் அது ஆணையர். அவர் எதிர்த்தரப்பு. வேறு எந்தத் தொப்பியும் அவருக்குப் பொருந்தாது. ‘சார்பாக’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே சட்டம் எழுதியவர்களை வணங்கலாம்.

நகராட்சி எப்படித் தொழிலாகும், அது ஆட்சியின் ஓர் அங்கம் அல்லவா என்ற கேள்வியும் பழையதுதான். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பட்ஜ் பட்ஜ் நகராட்சியில் தலைமை எழுத்தரையும் துப்புரவு ஆய்வாளரையும் தலைவர் வேலைநீக்கம் செய்தார். தகராறு தீர்ப்பாயத்துக்குப் போனது. அவர்களைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது தீர்ப்பாயம். ‘நாங்கள் தொழில் நடத்தவில்லை, ஊரை நிர்வகிக்கிறோம்’ என்று நகராட்சி உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடியது. 1952 டிசம்பரில் நீதிபதி என்.சந்திரசேகர ஐயர் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை: நகராட்சி ஊழியரின் தகராறும் தொழில் தகராறுதான். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இதை இன்னும் அகலமாக விரித்தது. ஆக, குடியரசு பிறந்து மூன்று ஆண்டுகூட முடிவதற்குள் தீர்ந்துபோன கேள்வி இது. தாலுகா அலுவலக மேசையை மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

எதிர்த்தரப்பு நாற்காலியில் உட்காராமல் தப்பிக்க உள்ளாட்சிகள் கண்டுபிடித்த வழிதான் ஒப்பந்தமுறை. ‘அவங்க எங்க ஆளுங்க இல்ல, காண்டிராக்டர் ஆளுங்க.’ மஸ்டரில் பெயர் ஒப்பந்தக்காரருடையது. வேலையை மேற்பார்க்கிறவர் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, யார் இன்றைக்கு வரவில்லை என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். வண்டி நகராட்சியுடையது, குப்பைக் கிடங்கு நகராட்சியுடையது. கூலி பாக்கி மட்டும் ஒப்பந்தக்காரருடையது! தகராறு வரும்போது, ‘நாங்கள் இருவருக்கும் நடுவில் நின்று பேசிவிடுகிறோம்’ என்று நகராட்சி முன்வரும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டும் கதை இது.

மும்பையில் இந்தக் கதை நீதிமன்றத்தில் அம்பலமானது. குப்பை அள்ளும் சுமார் 2,700 பேர் தங்கள் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் என்று மும்பை மாநகராட்சி சாதித்தது. அந்த ஒப்பந்தங்கள் பெயருக்குத்தான் என்று சங்கம் வாதிட்டது. தொழில் தீர்ப்பாயம் 2014இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநகராட்சி மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்தது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவை உறுதிசெய்தது. இந்திய நகரங்களில் மிகப் பெரிய பட்ஜெட் போடும் மாநகராட்சி, தெரு கூட்டுகிறவரை எதிர்த்து வழக்கு நடத்தியது யார் வரிப்பணத்தில் என்று மும்பைக்காரர்கள் கேட்டிருக்க வேண்டும்.

காஜியாபாத் கதை இன்னும் துல்லியமானது. அங்கே நகர் நிகமத்தின் தோட்ட வேலைக்காரர்கள், 1998 முதல் வேலை பார்த்தவர்கள், முறையான கூலியும் நிரந்தரமும் கேட்டுச் சமரச அலுவலரிடம் போனார்கள். சரியான கதவைத்தான் தட்டினார்கள். சமரசம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2005 ஜூலையில், வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். எழுத்துபூர்வ அறிவிப்பு இல்லை, இழப்பீடு இல்லை. தகராறு நிலுவையில் இருக்கும்போது வேலை நிலைமையை மாற்றக் கூடாது என்பது தொழில் தகராறுகள் சட்டத்தின் பாலபாடம். விளையாட்டு நடந்துகொண்டிருக்கையில் எதிரணி ஆட்டக்காரரை மைதானத்தை விட்டே துரத்துவதுபோன்ற காரியம் இது. 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும், வேலையில்லாமல் இருந்த காலத்துக் கூலியில் பாதியைத் தரவும் உத்தரவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு நியாயம் கிடைக்க இருபது ஆண்டு.

சென்னையிலும் சங்கம் வைத்த வாதத்தின் மையம் இதுவே. நிரந்தரக் கோரிக்கை தீர்ப்பாயத்தின் முன் இருக்கும்போது வேலையைத் தனியாருக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். பணிநிலைமையில் மாற்றம் செய்வதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 9ஏ. இந்தப் பிரிவை மன்றக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எப்போதாவது பார்த்திருக்கிறோமா? ஒரு கூட்டத்தில் பத்துக் கணக்கில் தீர்மானங்கள் போகும். மழைநீர் வடிகால், பூங்காவுக்குப் பெயர், தெருவிளக்கு, நடுவே இரண்டு மண்டலத்துக் குப்பை. ‘ஏகமனதாக நிறைவேறியது.’ அந்த நிமிடத்தில் சுமார் 2,000 குடும்பங்களின் கூலிச்சீட்டு மாறுகிறது. தங்கள் வார்டிலேயே தெரு கூட்டும் பெண்ணை ஒரு கவுன்சிலராவது முன்கூட்டி அழைத்துக் கேட்டிருப்பாரா?

மாநகராட்சித் தரப்பு நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். எந்த வேலையைத் தானே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்று தீர்மானிக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு உரிமை உண்டு. நீதிமன்றம் கொள்கைக்குள் கை வைக்காததும் அதனால்தான். வீட்டு வரி வசூலைப் பார்த்தால் எல்லோரையும் நிரந்தரமாக்கு என்று மேடையில் பேசுவது எளிது, பட்ஜெட்டில் எழுதுவது கடினம். நகரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாமும் இதில் ஒரு தரப்பு. ஆனால் ஒப்பந்தத் தொகையில் வரும் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால், யந்திரத்திலிருந்து வந்தது கொஞ்சம், கூலியிலிருந்து வந்தது மிச்சம் என்றுதான் பல ஊர்களில் முடியும். சிக்கனம் செய்யுங்கள். அந்தச் சிக்கனத்தை எதிர்த்தரப்புக்காரராக நின்று நியாயப்படுத்துங்கள். நடுவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள்.

மாவட்ட ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தகராறு பெரும்பாலும் ஒரே புள்ளியில் சுழலும். மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலியா, உள்ளாட்சிப் பணியாளர்களுக்கென்று 2017இல் வந்த அரசாணை 62இன் குறைந்தபட்ச ஊதியமா? இரண்டுமே அரசின் காகிதம்தான். இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட ஆட்சியர். அல்லது இரண்டாவதைத் தந்தால் பட்ஜெட் தாங்காது என்று கைவிரிக்கும் நகராட்சி. இதில் யாரை நடுவர் என்பது?

உள்ளாட்சி என்றில்லை, மாநில அரசுமே இந்த விஷயத்தில் முழுவதும் வெளியாள் இல்லை. ஆணையரை நியமிப்பது அது, மானியம் தருவது அது, தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்று நீண்டகாலம் முடிவுசெய்ததும் அதுவே. 1947 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு அந்த ஒரு பூட்டை மட்டும் திறந்திருக்கிறது. சமரசம் முறிந்தால் அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் நேரே தீர்ப்பாயம் போகலாம். அதே தொகுப்பு, வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற கட்டாயத்தை எல்லாத் தொழில்களுக்கும் விரித்துவிட்டது. துப்புரவுப் பணிக்கு அது முன்பே உண்டு. ஆகவே குப்பை அள்ளுகிறவருக்கு இதில் புதிதாக இழப்பு பெரிதாக இல்லை, ஒரு வழி கூடியிருக்கிறது.

இன்னொரு தொகுப்பில் ஒளிந்திருக்கும் ஒரு வரியை நம் கவுன்சிலர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனத்தின் மைய வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. விதிவிலக்குகளும் தருகிறது. துப்புரவு மைய வேலை ஆகாது, ஆனால் ‘அந்த நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்படாதிருந்தால்’ மட்டும். ஒரு மென்பொருள் கம்பெனிக்குத் தரை துடைப்பது உப வேலை என்றால் ஒப்புக்கொள்ளலாம். நகராட்சிக்கு? அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணையில் நகராட்சிகளின் பொறுப்பாகப் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும் ஆறாவது இனமாக நிற்கின்றன. ஊரைச் சுத்தமாக வைப்பதற்காக அமைக்கப்படவில்லை என்றால் நகராட்சி எதற்காகத்தான் அமைக்கப்பட்டது? இந்தக் கேள்வி எழுந்தால் முடிவுசெய்யும் அதிகாரம் மறுபடி மாநில அரசிடமே. சுற்றிச் சுற்றி அதே மேசை.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு நியூயார்க் நகரம் சாட்சி. 1966 ஜனவரியில் அங்கே பேருந்து, சுரங்க ரயில் தொழிலாளர்கள் 12 நாள் நகரத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே நகர நிர்வாகமும் சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டுப்பேர அலுவலகத்தை உருவாக்கின. அதன் வாரியத்தில் ஏழு பேர். நகர நிர்வாகம் அனுப்பும் இருவர், சங்கங்கள் அனுப்பும் இருவர், இந்த நால்வரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் மூன்று பொது ஆட்கள். பொது ஆட்களின் சம்பளத்தையும் சமரசச் செலவையும் இரு தரப்பும் சரிபாதியாகக் கொடுக்கின்றன. எனக்கு இதில் பிடித்தது இந்தப் பாதிக்குப்பாதிக் கணக்குதான். கூலி கொடுப்பவர் ஒருவராக இருந்தால் நடுவரின் கண் அந்தப் பக்கமே போகும் என்பது ஊர் அறிந்த விஷயம். அந்த அலுவலகம் மந்திரக்கோல் ஒன்றும் இல்லை. 1968 பிப்ரவரியிலேயே குப்பைத் தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து நகரம் நாறியது. ஆனால் அந்த ஏற்பாடு கலைக்கப்படவில்லை, இன்றும் இயங்குகிறது. அங்கே மேயர் நடுவர் வேடம் போடத் தேவையில்லை. அவர் எதிர்த்தரப்பாக வந்து உட்கார்ந்து வாதாடலாம்.

தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகளுக்கு மேல் வந்துவிட்டன. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே ஒரு நிலையான முத்தரப்பு வாரியம், ஓய்வுபெற்ற தொழில் தீர்ப்பாய நீதிபதி ஒருவர் தலைமையில், அமைக்கப் பெரிய செலவு ஆகாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு நடுவரைத் தேர்ந்துகொள்ளும் வழி 1947 சட்டத்தின் 10ஏ பிரிவிலேயே இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. உள்ளாட்சிகள் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு தகவல். போராட்டம் நடந்த ஆறாவது மண்டலத்தின் பெயருக்கு உரியவர் திரு.வி.க. 1918 ஏப்ரலில் பெரம்பூர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது உடன் நின்றவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சங்கத் தலைவர்கள்மீது, ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் இதே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. தொழிலாளருக்காகப் பேசினால் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்ற அந்த நிலையிலிருந்து பிறந்த கிளர்ச்சிதான் 1926இன் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது. திரு.வி.க. பெயரை மண்டல அலுவலகப் பலகையில் எழுதிவைத்திருக்கிறோம்.

மேயர்களுக்கும் நகர்மன்றத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை துப்புரவுப் பணியை ஒப்பந்தம் விடும் தீர்மானம் உங்கள் மேசைக்கு வரும்போது, அதில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இப்போது வாங்கும் கூலி குறையாது. ஒப்பந்தக்காரர் தராத கூலியையும் பி.எஃப். பணத்தையும் நகராட்சி தந்துவிட்டு அவர் பில்லில் பிடித்துக்கொள்ளும். தகராறு வந்தால் இரு தரப்பும் ஏற்கும் நடுவரிடம் போகும், அது முடியும்வரை யாரையும் வேலையிலிருந்து மாற்றுவதில்லை. இந்த மூன்று வரிக்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை, உங்கள் மன்றத்தின் தீர்மானம் போதும்.